எட்டு பேரும் திறந்த கதவு

வாயைத் தொறக்கக் கூடாது, அதான் சட்டம். கம்ப்யூட்டர் வெளையாட்டுக் குழுவுல இருக்கற ஜெரோம் அதை அத்தனை தடவை சொல்லியிருந்தான், வெளையாடறவங்களுக்குப் பின்னால உக்காருங்கக்கா, ஆனா நீங்க அந்த ரூம்லயே இல்லாத மாதிரி உக்காருங்க, தப்பா அழுத்தினா அழுத்தட்டும், முழிச்சா முழிக்கட்டும், உங்களைத் திரும்பிப் பாத்துக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாதீங்க, நாளைக்கு எவரோ ஒருத்தர் அவங்க வீட்ல பிரவுசரைத் தொறந்து வெளையாடும்போது நீங்க போயி பக்கத்துல நின்னு வெளக்கம் சொல்வீங்களான்னு. நியாயமான பேச்சுதான். அதனால குமுதினி கட்டில் ஓரத்துல உக்காந்து, தலகாணியை மடியில அமுக்கி வெச்சுக்கிட்டு, துப்பட்டா நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இருந்தா. எதுத்தாப்புல மக சம்யுக்தா படிக்கற மேஜை, அதுமேல லேப்டாப், அதுக்கு முன்னால நீலக் கலர் பிளாஸ்டிக் சேர்ல ஹேமா அண்ணி. குமுதினியோட ஒரே அண்ணன் ஞானசேகரோட சம்சாரம். அண்ணன் மாலை போட்டு மலைக்குக் கெளம்பிட்டாரு, அங்க போனும் ஒழுங்கா எடுக்காது, அரியமங்கலத்துல தனியா என்ன பண்ணப் போறீங்க, காட்டூருக்கு வந்துருங்க அண்ணின்னு குமுதினிதான் கூப்பிட்டா. கூப்பிட்டதுக்கு உள்காரணம் வேற. அண்ணி நேத்து வந்து, சாம்பார்ப்பொடி டப்பா ஒண்ணைக் குடுத்து, கைகால் கழுவி, காபி குடிச்சு, ராத்திரி தங்கி, இன்னிக்கு மக பள்ளிக்கூடம் போனதுக்கப்புறம்தான் குமுதினி மெல்ல ஆரம்பிச்சா, அண்ணி, நான் கம்ப்யூட்டர்ல ஒரு கதை வெளையாட்டு பண்ணியிருக்கேன், இதெல்லாம் வெளையாடியே பழக்கமில்லாத ஒருத்தர் வேணும்னாங்க, நீங்க பாக்கறீங்களா, பாக்கும்போது நான் மட்டும் பேசக் கூடாதுன்னு. அண்ணி கேட்டாங்க, "சீட்டு வெளையாட்டா?" இல்லைங்க, படிக்கணும், படிச்சு அடியில இருக்கறதுல ஒண்ணை அழுத்தணும். "அவ்வளவுதானே, படிக்கத் தெரியும் எனக்கு." உக்காந்துட்டாங்க. உக்காந்ததும் செல்போன்னு நெனச்சு ஸ்கிரீனை விரலால குத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. இன்னும் அழுத்தமா ஒரு குத்து. கீழ இருக்கற கட்டத்துல தேயுங்க அண்ணின்னு குமுதினிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினா. துப்பட்டாவோட சேத்து முழுங்கினா.

அண்ணியோட ஒரு கைதான் அந்தக் கட்டத்தைக் கண்டுபுடிக்கப் பாக்குது, இன்னொரு கை மடியில. மடியில சாவிக்கொத்து. அது எப்பவும் அப்படித்தான். குளிக்கப் போனாலும் கொத்து கூடவே போகும், சம்யு நேத்து ராத்திரி கூட கிண்டல் பண்ணினா, அத்தை தலகாணி இல்லாம தூங்கிடுவாங்க, சாவி இல்லாமத் தூங்க மாட்டாங்கன்னு. அண்ணி சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. வீட்டுக்காரிங்கற மெதப்பு, குமுதினி இத்தனை வருஷமா அதுக்கு வெச்சிருந்த பேரு அதான். ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் என் வீட்டுச் சாவி என் கையிலங்கற மெதப்பு. நெனச்சுக்கிட்டே இருக்கும்போது அண்ணி விரல் கட்டத்துல தட்டுப்பட்டு, அம்புக்குறி அசைஞ்சு, மொத பக்கம் தொறந்துக்கிச்சு. "அட," அப்படின்னாங்க, யார்கிட்டயும் இல்லாம.

இந்தப் பக்கத்தை எட்டு பேர் ஏற்கெனவே பாத்தாச்சு. இணையத்துல தமிழ்ல கதை வெளையாட்டு பண்ற ஒரு சின்னக் குழு, அதுல மூஞ்சி தெரியாத எட்டு பேரு, ஒருத்தர் பண்ணினதை மத்தவங்க வெளையாடிக் குறை சொல்றது அங்க மொறை. குமுதினிக்குப் பொழப்பு டிவி சீரியலுக்கு அடியில ஓடற எழுத்தை அடிச்சுக் குடுக்கறது, அடுத்தவங்க அழுகையை டைப் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சவ, நம்மளும் ஒண்ணு சொல்லிப் பாப்போமேன்னு இதைக் கத்துக்கிட்டா. கஷ்டமே இல்ல, ஒரு வரியைச் சுத்தி அடைப்புக்குறி போட்டா அது அழுத்தற வரி ஆயிடும், அழுத்தினா எந்தப் பக்கம் போகணும்னு நம்ம சொல்லி வெக்கலாம். கதை இதுதான்: நீங்க ஒரு வீட்ல மத்தியான சமையல் பண்ணிக்கிட்டிருக்கற ஒரு பொம்பள. வாசல்ல சத்தம். யாருன்னு பாத்தா உங்க புருஷனோட தங்கச்சி, இடுப்புல குழந்தை, தோள்ல பை, கட்டிக் குடுத்த எடத்துல இருந்து கெளம்பி வந்து நிக்கறா. அடியில ரெண்டு வரி. கதவைத் திற. திறக்காதே. அவ்வளவுதான், அந்த ரெண்டுல ஒண்ணை அழுத்தணும். எட்டு பேரும் தொறந்துட்டாங்க. ஒருத்தர் கூட ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கல. யோசிக்கலைன்னு எழுதி வேற அனுப்பினாங்க. வைதேகின்னு ஒரு காலேஜ் பொண்ணு, திறக்காதேங்கறது எதுக்கு இருக்கு, இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமான்னு கேட்டிருந்தா. திண்டுக்கல்காரர் ஒருத்தர் கதவைப் பத்தியே பேசல, ரெண்டாவது பக்கத்துல ரசம்னீங்க நாலாவதுல அதே சட்டியில வத்தக்குழம்பு கொதிக்குதேன்னு, அதுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தாரு, கடைசியில வத்தக்குழம்புக்கு அவங்க வீட்டுப் பக்குவத்தையும் சேத்து. சிரிக்கணும்னு தெரிஞ்சும் சிரிப்பு வரல. ஜெரோம்தான் நேரா சொன்னான், பாளையங்கோட்டையில இருந்து, போன்லயே, அக்கா, ரெண்டு பக்கமும் இழுக்கணும், அதுக்குப் பேருதான் தேர்வு, இதுல ஒரு பக்கம் காலியா இருக்கு, அவ ஏன் தொறக்கலைன்னு உங்களுக்கே தெரியலைன்னு நெனைக்கறேன்.

தெரியாதுதான். எங்க தெரியும். காரணம் ஒவ்வொண்ணா மாத்தி வெச்சுப் பாத்தாச்சு. மானம் போயிடும்னு பயந்தான்னு எழுதினா, ஒட்டல. வந்தவளுக்கும் சேத்து வடிச்சுக் கொட்டணுமேங்கற சலிப்புன்னு எழுதினா, அது அதவிட மோசம். கடைசியில மாமியாரோட ஆரத்தை வந்தவ பங்கு கேப்பாளோன்னு பயந்தான்னு எழுதி வெச்சா, சீரியல் மாதிரி இருக்குன்னு மூணு பேரு எழுதினாங்க. சீரியல் மாதிரிதான் இருக்கும், தினம் அதானே அடிக்கறா. ஆனா ஜெரோம் சொன்னது அதுக்கப்புறம் தட்டு கழுவும்போது, சம்யுவுக்கு சடை பின்னும்போது, எங்க போனாலும் முள்ளு மாதிரி கூடவே வந்துச்சு. அவ ஏன் தொறக்கல. அவன் வெளையாட்டைப் பத்திக் கேட்டான். பன்னெண்டு வருஷமா அவ தனக்குள்ள கேக்கறதும் அதே வார்த்தைதான்னு அவனுக்கு எப்படித் தெரியும். கேக்க வேண்டிய ஆள் ஒருத்தர்தான் இருக்காங்க. பொங்கலுக்குப் போறோம், தீபாவளிக்கு வர்றாங்க, சம்யு காதுகுத்துக்கு அண்ணி பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு மொத ஆளா வந்து நின்னாங்க, இதுக்கு நடுவுல எந்தத் தட்டை நகத்தி வெச்சுட்டு, ஏன் அண்ணி அன்னிக்கு கதவைத் தொறக்கலைன்னு கேக்கறது. கேட்டு, உன்னைப் புடிக்காதுடின்னு ஒரே வார்த்தையில வந்துட்டா. அதான் பயம். வேற பெரிய காரணமெல்லாம் இல்லாம, வெறுமனே புடிக்காதுன்னு வந்துட்டா, அப்புறம் பொங்கலும் இல்ல தீபாவளியும் இல்ல, சம்யுவுக்கு அத்தையும் இல்ல. அதனாலதான் இந்த வழி. உக்கார வெச்சு, படிக்க வெச்சு, அந்த ரெண்டு வரிக்கு முன்னால கொண்டு போயி நிறுத்திட்டு, கை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறது. எழுதிக் குடுக்கற கருத்து பொய் சொல்லும், கை பொய் சொல்லாதுன்னு ஜெரோம் சொல்வான். பாவம், அவன் பிரவுசரைப் பத்திச் சொன்னான். குமுதினிக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு, எலிப்பொறியில தேங்காய்ச் சில்லு வெச்சுட்டுக் கட்டில்ல ஒளிஞ்சு உக்காந்திருக்கற மாதிரி.

அண்ணி இன்னும் சமையக்கட்டைத் தாண்டல. மத்தவங்க எல்லாரும் கண்ணை ஓட்டிட்டு வாசலுக்கு ஓடினாங்க, அண்ணி வரி வரியா முணுமுணுத்துப் படிக்கறாங்க. "குழம்பு கொதிக்கிறது. மிக்சியில் தேங்காய். ஆமா, அடுப்பைச் சின்னதா எங்க வெக்கறது? கொதிக்குதுங்கறா, சின்னதா வெக்க எடமே இல்லையே." திரும்பிப் பாத்தாங்க. குமுதினி தலகாணியப் பாத்தா. "ஓ, நீ பேசக் கூடாதுல்ல," அப்படின்னுட்டு அண்ணி திரும்பிக்கிட்டாங்க. அடுப்பைச் சின்னதா வெக்கணும்னு எட்டு பேர்ல ஒருத்தருக்கும் தோணல. அதை ஒரு காகிதத்துல குறிச்சுக்கிட்டா. குறிக்கும்போது கீழ் வீட்ல மிக்சி ஓட ஆரம்பிச்சுது. வெறும் மிக்சி, கீழ் வீட்டு நசீமா தேங்காயோ பொட்டுக்கடலையோ அரைக்கறாங்க, தினம் இந்நேரத்துக்கு அரைக்கறதுதான். இருந்தாலும் குமுதினிக்கு முதுகு நிமிந்துடுச்சு. மிக்சி ஓடறது ஒண்ணுமில்ல. நிக்கறப்பதான் இருக்கு. அன்னிக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அண்ணன் வீட்டு மிக்சி, அதுக்குன்னு ஒரு தனிச் சத்தம், அண்ணி பொறந்த வீட்டுல குடுத்தது, ஒரு தடவை மூடி சரியா போடாம ஓட்டி, வெங்காயச் சட்னி விட்டம் வரைக்கும் அடிச்சு, அண்ணன் நெத்தியில ஒரு சொட்டு, அவரு அப்படியே துடைக்காம வேலைக்குப் போயிட்டாருன்னு அம்மா இருந்த வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, அதுக்கப்புறம் அந்த மூடி ஆடும், ஆடி கடகடன்னு ஒரு சத்தம் அடியில ஓடிக்கிட்டே இருக்கும். தெருமுனையிலயே கேட்டுச்சு. அப்பாடா, அண்ணி வீட்ல இருக்காங்க. அப்படித்தான் நெனச்சா. அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு எவளாவது சந்தோஷப்பட்டிருப்பாளா, அவ பட்டா.

சித்திரை மாசம், கரூர் பஸ்ல உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, டவுன் பஸ் மாறி, குழந்தை அழுது அழுது ஓஞ்சு இடுப்புலயே தூங்கிடுச்சு. கரூர்ல புருஷன் என்ன பண்ணினாங்கறதை இப்ப நெனைக்க வேணாம், அது வேற பொட்டி, அதைத் தொறக்கறதில்ல. அண்ணன் வீடு ஒரே வாசல் வெச்ச போர்ஷன். மொதல்ல இரும்புக் கிரில், ரெண்டடி எடம், அதுக்கப்புறம் மரக்கதவு, பக்கத்துல தெரை போட்ட ஜன்னல். கிரில்ல பூட்டு. பூட்டு உள்பக்கமாத் தொங்குச்சு. அது அவங்க குடும்பத்துப் பழக்கம், அப்பா காலத்துல இருந்து. அப்பா இருந்த தெருவுல ஒரு டீச்சரம்மா கதவுக்கு வெளிய பெருசா ஒரு பூட்டைத் தொங்க விட்டுட்டு ஊருக்குப் போயி, திரும்பி வந்தா அரிசி டின்னு கூட இல்லையாம், பூட்டை மட்டும் கழட்டிப் படியில அழகா வெச்சுட்டுப் போயிருந்தானாம் திருடன். அன்னியில இருந்து அப்பா சொல்றது, பூட்டு வெளிய தெரிஞ்சா ஆள் இல்லைன்னு போர்டு மாட்டின மாதிரி, கம்பிக்குள்ள கையை விட்டு உள்பக்கமாப் பூட்டணும், பாக்கறவன் உள்ள ஆள் இருக்குன்னு நெனைக்கணும். கை ஒல்லியா இருக்குன்னு அந்த வேலை எப்பவும் குமுதினிக்குத்தான். சினிமாவுக்குப் போனா, கோயிலுக்குப் போனா, எல்லாரும் தெருவுல நிக்க, அவ கையை விட்டுப் பூட்டுவா. ஆனா அன்னிக்கு மிக்சி ஓடுதே, உள்ள ஆள் இருக்கு. உள்ள ஆள் இருக்கு, பூட்டு உள்ள தொங்குது, அப்ப பூட்டினது உள்ள இருக்கற ஆளு, இதுல யோசிக்க என்ன இருக்கு. அண்ணின்னு கூப்பிட்டா. மிக்சி நின்னுச்சு. திரும்பக் கூப்பிட்டா, அண்ணி, நான் குமுது. ஒரு சத்தமும் இல்ல. தெரை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, வெயில்ல கண்ணு கூசி அப்படித் தெரிஞ்சுதோ என்னவோ. கிரில்லைப் புடிச்சா கை சுட்டுச்சு. எவ்வளவு நேரம் நின்னாளோ. அப்புறம் திரும்பி நடந்து, கூடப் படிச்ச ஃபிலோமினா வீட்டுக்குப் பொன்மலைக்குப் போயி, அங்க ஃபிலோமினாவோட அம்மா கேள்வியே கேக்காம குழந்தையை வாங்கிப் பாயில போட்டு, முட்டைக்கோஸ் கூட்டை சோத்துல பெசைஞ்சு இவ கையில குடுத்தாங்க. அந்தம்மாவுக்குக் காது பாதிதான் கேக்கும், எதைச் சொன்னாலும் ஆமாம்பாங்க. அன்னிக்கு அது நல்லதாப் போச்சு. நாலு நாள் கழிச்சு அண்ணன் எப்படியோ தேடிக் கண்டுபுடிச்சு வந்து நின்னு, நாங்க அன்னிக்கு துவாக்குடியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்மா, நேரா என் பட்டறைக்கு வந்திருக்கலாம்லன்னு கண்ணு கலங்கினாரு. பின்னால அண்ணி. ஆமான்னு தலையாட்டினாங்க. மிக்சி ஓடிச்சேன்னு குமுதினி சொல்லல. அண்ணன் வீடு பாத்துக் குடுத்தாரு, அடுப்பு வாங்கிப் போட்டாரு, சம்யுவைத் தோள்ல தூக்கிக்கிட்டு மலைக்கோட்டை ஏறினாரு. தங்கம் மாதிரி மனுஷன், அவருக்கு இப்படி ஒருத்தி. அதான் கணக்கு. அந்தக் கணக்கை அவ அதுக்கப்புறம் திரும்பப் போட்டுப் பாக்கவே இல்ல.

கீழ மிக்சி நின்னுச்சு. நிமிந்து பாத்தா அண்ணி வாசல் பக்கத்துக்கு வந்துட்டாங்க. ஸ்கிரீன்ல அந்த நாலு வரி, அவ எழுதினது, எத்தனையோ தடவை அழிச்சு எழுதினது. வாசலில் உங்கள் பெயரைச் சொல்லாமல் அண்ணி என்று யாரோ கூப்பிடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். உங்கள் கணவரின் தங்கை. இடுப்பில் குழந்தை தூங்குகிறது. கதவைத் திற. திறக்காதே. அண்ணி முணுமுணுக்கறதை நிறுத்திட்டாங்க. முதுகு மட்டும்தான் தெரியுது, ரவிக்கைக்கும் கொண்டைக்கும் நடுவுல கழுத்துல ஒரு வேர்வைக் கோடு. தெரிஞ்சுடுச்சு. தெரியாம இருக்குமா, பேரு மாத்தினா மட்டும் ஆச்சா, ஊரு மாத்தினா ஆச்சா. இப்ப எந்திரிச்சுப் போயிடுவாங்க. பையை எடுத்துக்கிட்டு, என்னைக் கூப்பிட்டு வெச்சு அசிங்கப்படுத்தறியான்னு ஒரு வார்த்தை, படியில செருப்புச் சத்தம், அவ்வளவுதான் முடிஞ்சுது. இல்ல, போகல. திறக்காதேன்னு அழுத்திட்டா என்ன பண்றது, இங்க உக்காந்து அதை எப்படிப் பாக்கறது. திறன்னு அழுத்தினா அதுவும் பொய்தானே, செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றது, மத்த எட்டு பேரு சொன்னா அது அவங்க குணம், இவங்க சொன்னா. ஃபேன் சுத்துது. அண்ணி மடியில சாவிக்கொத்து லேசா கலகலன்னுச்சு. அம்புக்குறி கதவைத் திறங்கறதுமேல போயி நின்னுச்சு. அழுத்திட்டாங்க.

பக்கம் மாறிச்சு. அவ உள்ள வந்தா. தண்ணி குடிச்சா. குழந்தையைக் கீழ போட்டு, பக்கத்துல அவளும் படுத்துத் தூங்கினா. இந்த எடத்தைப் படிச்சுட்டு வைதேகி, மனசு நெறைஞ்சுதுக்கான்னு எழுதியிருந்தா. அண்ணி முழுசாப் படிச்சாங்க. நெறைஞ்சுதா இல்லையான்னு முதுகுல தெரியல. அப்புறம் மேல மூலையில பின்னால போற அம்புக்குறி ஒண்ணு இருக்குல்ல, எல்லா பிரவுசர்லயும் இருக்கறது, போன்ல பாத்த பழக்கமோ என்னவோ அதை அழுத்தினாங்க. திரும்ப வாசல். இப்ப திறக்காதே. குமுதினி கண்ணை மூடிக்கிட்டா. மூடினாலும் காது இருக்கே. "ஆரமா?" அப்படின்னாங்க அண்ணி. சிரிப்பு மாதிரி மூக்குல ஒரு மூச்சு. "உங்கம்மா ஆரம் எப்பவோ உங்க அண்ணன் வட்டிக்கடையில மூழ்கிப் போச்சு, குமுது." கோவம் இல்ல அந்தக் கொரல்ல. காய்கறிக்காரன்கிட்ட இது முத்தல்னு எடுத்துக் காட்டற மாதிரி இருந்துச்சு. திரும்பப் பின்னால. வாசல். இன்னும் பின்னால. சமையக்கட்டு. அங்க போயி எதையோ தேடறாங்க. அம்புக்குறி குழம்புமேல போகுது, மிக்சிமேல போகுது, வரி இல்லாத எடத்துல எல்லாம் போயி தட்டுது. ஒண்ணும் தொறக்கல. எல்லாரும் முன்னால போனாங்க, இவங்க பின்னால போறாங்க, அதுவும் கதவைத் தட்டறதுக்கு முன்னால. என்ன தேடறீங்க அண்ணின்னு கேட்டா என்ன, சட்டமாவது ஒண்ணாவது. கேக்கல. கேட்டா நின்னு போயிடும்னு தோணுச்சு.

"இந்தச் செவத்தைப் பாக்க முடியாதா?" அண்ணிதான் கேட்டாங்க, ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே. "ஃபிரிஜ்ஜுக்கு மேல ஒரு ஆணி இருக்கும்ல. அதுல சாவி தொங்குதா இல்லையான்னு எங்க போயி பாக்கறது?" குமுதினிக்கு மொதல்ல புரியல. சாவி எதுக்கு. வெளையாட்டுல சாவியே இல்லையே, கதவுன்னா தாழ்ப்பாள், தாழ்ப்பாளை எடுத்தாத் தொறக்கப் போகுது. "நீதான் பேசக் கூடாதுன்னுட்டியே," அண்ணி சொன்னாங்க. "சரி, நானே சொல்லிக்கறேன். இந்தப் பொம்பளகிட்ட சாவி இல்லைன்னு வெச்சுக்கோ. புருஷன் காலையில வேலைக்குப் போகும்போது, கிரில்லுல கையை உள்ள விட்டுப் பூட்டிட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். தனியா இருக்கா, ஏரியா சரியில்ல, யாராவது வருவானுங்க. அக்கறை. கேட்டா அக்கறைன்னுதான் சொல்வாரு. இவளும் மொத வருஷம் அப்படித்தான் நெனச்சா, பொறந்த வீட்ல போயி பெருமையாக் கூட சொன்னா. ஆணி மட்டும் இருக்கும் செவத்துல, சாயங்காலம் வரைக்கும் வெறும் ஆணி. இப்ப வாசல்ல ஒருத்தி வந்து நின்னு கூப்பிடறா. நீ போட்டிருக்கற ரெண்டுல எதை அழுத்துவா?"

உள்பக்கமாத் தொங்குச்சு. குமுதினிக்கு அந்தப் பூட்டு மட்டும் தெரிஞ்சுது, வேற ஒண்ணும் தெரியல, மேஜை இல்ல, அண்ணி முதுகு இல்ல. வெயில்ல பளபளன்னு உள்பக்கமாத் தொங்கின பூட்டு. ஆள் இல்லாத வீட்டுல ஆள் இருக்கற மாதிரி காட்டறதுக்கு அப்பா கண்டுபுடிச்ச வித்தை. ஆள் இருக்கற வீட்டை அப்படிப் பூட்டலாம்னு அப்பாவுக்குக் கூடத் தோணியிருக்காது. சின்ன வயசுல எத்தனை தடவை கம்பி வழியா கையை விட்டுப் பூட்டியிருக்கா, முழங்கையில துரு பட்டு அம்மா திட்டுவாங்க, பக்கத்துல நின்னு அண்ணன் வேடிக்கை பாப்பாரு. பாத்துதான் கத்துக்கிட்டாரு போல. துவாக்குடி கல்யாணம், கண்ணு கலங்கினது, நேரா பட்டறைக்கு வந்திருக்கலாம்ல. கல்யாணத்துக்குப் போனவரு பட்டறையில எப்படி இருந்திருப்பாருன்னு அன்னிக்குத் தோணவே இல்ல. வந்திருந்தா சாவி அவர் பாக்கெட்ல இருந்திருக்கும், தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வந்து அவரே தொறந்து விட்டிருப்பாரு, அப்பவும் யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. ஆனா மரக்கதவு இருந்துச்சே. மரக்கதவைத் தொறந்து மூஞ்சியையாவது காட்டியிருக்கலாமே. அவ இதைக் கேக்கல, வாயில துப்பட்டா இருந்துச்சு, ஆனா அண்ணிக்குக் கேட்டுடுச்சு போல. "மரக்கதவு உள்தாழ்ப்பாள்தான். தொறந்திருக்கலாம். அதுமேல கையை வெச்சுக்கிட்டுதான் நின்னேன்," அப்படின்னாங்க. அவங்களும் கவனிக்கல, பொம்பள போயி நான்னு வந்துட்டதை. "தொறந்தா நீ கிரில்லுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல பூட்டு. நீயே ஒரு எடத்துல இருந்து தப்பிச்சு வந்து நிக்கற. உன்கிட்ட நானும் இப்படித்தான் இருக்கேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது. அண்ணன் அண்ணன்னு உசிர விடுவ. சாயங்காலம் அவர் வந்ததும் எப்படியும் திரும்ப வருவன்னு நெனச்சேன். நீ வரல." அண்ணி கை கட்டத்தை விட்டு மடிக்குப் போச்சு. "குழந்தைக்கு ஒரு கால்ல கொலுசு இல்ல. பஸ்ல விழுந்துடுச்சா?"

விழுந்துதான் போச்சு. டவுன் பஸ்லயோ, சத்திரத்துலயோ, தெரியாது. அதை அவ யார்கிட்டயும் சொன்னதில்ல, பொன்மலை போறதுக்குள்ள இன்னொண்ணையும் கழட்டிப் பையில போட்டுட்டா, ஒத்தக் கொலுசோட ஒருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு. தெரைக்குப் பின்னால இருந்து அந்தச் சின்னக் காலை இவங்க பாத்திருக்காங்க. பன்னெண்டு வருஷம் கேக்காம வெச்சிருந்திருக்காங்க, கொலுசு என்னாச்சுன்னு. அழுதா அண்ணி திரும்பிடுவாங்க, திரும்பினா இது முடிஞ்சுடும், அதனால அழல. அண்ணி சாவிக்கொத்தை மடியில இருந்து எடுத்து அதுல ஒண்ணைத் தனியாப் புடிச்சுக் காமிச்சாங்க, பின்பக்கமா, பாக்காமலே. மத்ததெல்லாம் பித்தளை, இது மட்டும் வெள்ளையா, மட்டமான இரும்பு. "நீ வந்துட்டுப் போன வாரம் போட்டது. அவர் குளிக்கும்போது சோப்புல அச்சு எடுத்து வெச்சுக்கிட்டு, மறுநாளே காய்கறிக்காரி கையில குடுத்து அனுப்பி, காந்தி மார்க்கெட் வாசல்ல சாவி போடறவன்கிட்ட அடிச்சுட்டு வரச் சொன்னேன். மொதல்ல அடிச்சது சேரல, திருப்பிக் குடுத்து ராவச் சொன்னேன். இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது. இப்பல்லாம் அவரும் பூட்டறதில்ல, வயசாயிடுச்சு, மறந்துட்டாரு. நான் மறக்கல." அதுக்கப்புறம் சாவியைத் திரும்ப மடியிலயே வெச்சுக்கிட்டாங்க. மெதப்புன்னு நெனச்சோமே. அண்ணன் மலையில இருந்து அரவணைப் பாயசம் டப்பாவோட வருவாரு, முட்டி வலிக்குதும்பாரு, சம்யு தோள்ல தொத்துவா. அவர் மூஞ்சியை எப்படிப் பாக்கறது, தங்கத்தைத் தேச்சா உள்ள என்னவோ தெரியுது, ஆனா தோள்ல தூக்கிக்கிட்டு ஏறினதும் அவர்தானே. அது ஒரு நாள்ல தீர்ற கணக்கில்ல. அது அப்புறம்.

குமுதினி எந்திரிச்சா. அண்ணி பக்கத்துல முட்டிபோட்டு உக்காந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினா. அண்ணி சேரைக் கொஞ்சம் நகத்திக்கிட்டாங்க. சமையக்கட்டுப் பக்கத்துல செவத்துக்கு அடைப்புக்குறி போட்டா. அதுக்குப் பின்னால ஒரு பக்கம், அதுல ஒரே வரி: ஃபிரிஜ்ஜுக்கு மேலே ஓர் ஆணி, வெறும் ஆணி. ஆரத்தை அழிச்சா. மானம், சலிப்பு, மிச்சமிருந்த எல்லாத்தையும் அழிச்சா. அப்புறம் வாசல் பக்கம். கதவைத் திறங்கற வரியை அழிக்கல, அது அப்படியே, அழுத்தற வரி எப்படி நீலமா இருக்குமோ அப்படியே இருக்கட்டும், அது போற எடத்தை மட்டும் எடுத்துட்டா. அழுத்தினா எங்கயும் போகாது. ஜெரோம் நாளைக்கே எழுதுவான், அக்கா அந்த லிங்க் செத்துப் போச்சு, சரி பண்ணுங்கன்னு. எட்டு பேரும் எழுதுவாங்க. எழுதட்டும், அழுத்திப் பாத்துட்டு எழுதட்டும், எத்தனை தடவை அழுத்தினாங்கன்னும் எழுதட்டும். தட்டச்சு முடிஞ்சு லேப்டாப்பைத் திரும்ப அண்ணி பக்கம் தள்ளினா. அண்ணி மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. குழம்பு. மிக்சி. செவரு. வெறும் ஆணிங்கறதைப் படிச்சுட்டு அங்க கொஞ்சம் நின்னாங்க. அப்புறம் வாசல். இடுப்பில் குழந்தை தூங்குகிறது. அம்புக்குறி கதவைத் திறங்கறதுக்குப் போச்சு. அழுத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. திரும்ப அழுத்தினாங்க. அதே பக்கம், அதே நாலு வரி, வெளிய அவ நின்னுக்கிட்டே இருக்கா. அண்ணி விரலை எடுக்கல. டக், டக்னு அந்தக் கட்டத்துல அழுத்திக்கிட்டே இருந்தாங்க, குமுதினி அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ம்," அப்படின்னாங்க அண்ணி, அழுத்தறதை நிறுத்தாம. "இப்ப சரியா இருக்கு."